சேவை முடிவுக் கணக்கு

ஜுபைலில் ஆகஸ்ட். கண்ணாடிக்கு அப்பால்
பார்க்கிங்கின் தகரக் கூரை வெயிலில் நெளிந்தது.
உள்ளே ஏசி, எக்செல், நான்.
எதிரே கொளஞ்சிநாதன், ரிக்கர்,
பத்தொன்பது வருடம் நாலு மாதம்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்,
உடம்பின் எடையில் பாதியை மட்டும் அதற்குக் கொடுத்து.

படிவத்தில் இரண்டு அரபிச் சொற்கள்.
கீமா என்று ஒரு கட்டம். இஸ்திஹ்காக் என்று ஒரு கட்டம்.
தமிழில் எழுதித் தந்தால்தான் கையெழுத்து என்றார்.
முதல் கட்டத்தின் மேல் மதிப்பு என்று எழுதினேன்.
அடுத்ததில் தகுதி என்று எழுதி, அடித்து,
உரியது என்று எழுதி, அதையும் அடித்து,
மறுபடி தகுதி.
"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

ஒன்றில்லை என்று தெரியும்.
எப்படி என்று கேட்டால் வாய் வரவில்லை.
மதிப்பு அடுத்தவன் போடுவது என்றேன்,
மீன் ஏலத்தில் சத்தம்போட்டுச் சொல்வதுபோல.
காலையில் ஒன்று, வெயில் ஏறினால் ஒன்று.
"அப்ப தகுதி?"
என் மதிப்பெண் பட்டியலில் நான்கு முத்திரைகள் உண்டு,
அவற்றின் பலத்தில்தான் ஏசியின் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.
போன் வந்ததுபோல் எடுத்துக் காதில் வைத்தேன்.

கணக்கு எளிது.
முதல் ஐந்து வருடத்துக்கு அரை மாதம்,
பிறகு வருடத்துக்கு ஒரு மாதம்.
அடிப்படைச் சம்பளம் மட்டும்.
சாப்பாட்டுப்படி சேராது, ஓவர்டைம் சேராது.
கொக்கியில் சுமை ஏறுமுன்
ஒரு சுற்று சுற்றிவந்து
"பதினோரு டன் இருக்கும்" என்பாரே,
கிரேன் திரையில் பதினொன்று புள்ளி இரண்டு வருமே,
அதற்குக் கட்டமே கிடையாது.

பிடித்தம் என்ற பகுதியில் ஒரு வரி:
வேலையைத் தடுத்தது, ஒரு நாள்.
எட்டு வருடத்துக்கு முந்தியது.
"என்ன இது?"
"ஸ்லிங்ல ரெண்டு இழை அறுந்திருந்துச்சு சார்.
சொன்னேன். ஃபோர்மன் கேக்கல.
சுமைமேலயே ஏறி உக்காந்துட்டேன்.
மூணு மணி நேரம்.
வேற ஸ்லிங் வந்துச்சு, தூக்குனாங்க."
"அப்புறம்?"
"அப்புறம் ஒண்ணும் ஆகல."

ஒன்றும் ஆகவில்லை.
கீழே நின்ற நாலு பேர், சிட்டகாங் பக்கத்து ஆட்கள்,
அன்று மாலை டீ குடித்திருப்பார்கள்,
ஒருவன் பல்வலி என்று முனகியிருப்பான்,
இன்னொருவன் ஊருக்குப் பணம் அனுப்ப
வரிசையில் நின்று சலித்திருப்பான்.
நடக்காததற்கு ரசீது இல்லை.
நடந்திருந்தால் தொகை உண்டு.
அந்தப் பட்டியல் என் இழுப்பறையில் இருக்கிறது,
விரல் விரலாக,
கட்டைவிரலுக்குக் கொஞ்சம் கூட.

மேனேஜரிடம் சொல்லி
அந்த வரியை நீக்கப் பார்க்கட்டுமா என்றேன்.
முப்பது ரியால் திரும்பி வரும்.
"வேணாம் சார், இருக்கட்டும்.
அத எடுத்துட்டா
நான் அங்க உக்காந்ததே இல்லன்னு ஆயிடும்."

கையெழுத்துப் போட்டார், கொம்பும் காலும் பிசகாமல்.
எழுந்தவர் பழக்கதோஷத்தில்
தன் கோப்பையே உள்ளங்கையில் ஏந்தி
ஒரு நொடி கண்ணை மூடினார்.
"அறுநூத்தி நாப்பது கிராம்."
வைத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு அதைப் பையில் போட்டு
பக்காலாவுக்குக் கொண்டுபோனேன். கூடாதுதான்.
கடைக்காரர் வெங்காயத் தோலை ஊதிவிட்டுத்
தராசில் வைத்தார்.
அறுநூற்று ஐம்பத்தைந்து.
பதினைந்து கிராம் பிசகு.
ஏமாற்றமாகக்கூட இருந்தது எனக்கு,
யார் பக்கம் நின்று ஏமாந்தேன் என்று தெரியாமல்.

கோப்பைத் திரும்ப எடுக்கும்போதுதான் பார்த்தேன்:
தராசின் விலாவில் பலதியா ஒட்டிய சான்று
போன ரமலானோடு காலாவதி.